ரிசல்ட்டை முதலில் யார் பார்ப்பது?

இந்த வாரக் கதை ஒரு மருந்துக்கடையில் தொடங்குகிறது. கல்லூரியில் படிச்சப்போ, விடுதித் தோழி ஒருத்திக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கடைக்கு வரவே பயந்தாள். அவளுக்காக கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்க நான் போனேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்றார். பதில் சொல்லாமல் காசை வைத்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வி ரொம்ப நாள் உறுத்தியது. பிறகு படிக்கப் படிக்கத்தான், அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்குன்னு தெரிந்தது.

1920களின் கடைசியில் பெர்லினில் ஆஷைம், சோண்டெக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு பரிசோதனையைக் கண்டுபிடித்தார்கள். பெண்ணின் சிறுநீரைக் குட்டிச் சுண்டெலிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்துவார்கள். சில நாள் கழித்து எலிகளை அறுத்து, சினைப்பையில் மாற்றம் இருக்கான்னு பார்ப்பார்கள். அப்புறம் முயல் வந்தது, தவளை வந்தது. 1960களில் விலங்கு போய்க் கண்ணாடிக்குழாய் வந்தது. ஒன்று மட்டும் மாறவில்லை. ரிசல்ட் ஆய்வகத்திலிருந்து டாக்டருக்குப் போகும். அவர் சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

1967. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்கனான் என்ற மருந்து நிறுவனம். அழகுசாதனப் பொருட்களுக்கு அட்டைப்பெட்டி வடிவமைக்க வந்த மார்கரெட் கிரேனுக்கு அப்போது 26 வயது. ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக்கு மேலே வரிசையாகக் குழாய்கள் தொங்குவதைப் பார்த்தார். இது என்னன்னு கேட்டார். கர்ப்பப் பரிசோதனை, குழாயின் அடியில் சிவப்பு வளையம் தெரிந்தால் கர்ப்பம் என்றார்கள். 'இவ்வளவுதானா? இதை வீட்டிலேயே செய்யலாமே!' என்று அவருக்குத் தோன்றியது.

மேஜையில் இருந்த பேப்பர் கிளிப் டப்பாவை வைத்தே ஒரு மாதிரி செய்தார். மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர்கள்தானே நம்ம வாடிக்கையாளர்கள், அவர்களைப் பகைச்சுக்க முடியுமா என்பது அவர்கள் கவலை. கடைசியில் நிறுவனம் இறங்கி வந்தது. காப்புரிமையில் பெயர் கிரேனுடையது; உரிமையை எழுதிக்கொடுத்ததற்கு விலை 1 டாலர். அதுவும் கைக்கு வரவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். 1971இல் 'பிரெடிக்டர்' கனடாவில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு வீட்டுப் பரிசோதனை வர 1977 ஆனது. இன்று நாம் பார்க்கிற குச்சி வடிவம் 1980களின் கடைசியில்தான் வந்தது.

அன்று என் தோழிக்கு ஒரு கோடுதான் வந்தது. இரண்டு கோடு வந்திருந்தா யார்கிட்ட போயிருப்போம்? எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

இந்த இடத்தில்தான் லண்டனின் ஹெலன் புரூக் நினைவுக்கு வருகிறார். குடும்பக் கட்டுப்பாட்டு மையங்கள் பெரும்பாலும் கல்யாணமானவர்களை மட்டுமே கவனித்த காலத்தில், 1964இல், கல்யாணமாகாத இளையோருக்கென்றே ஆலோசனை மையம் தொடங்கினார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது.

நம்ம நாட்டுக்கு வருவோம். கிரேனுக்குக் காப்புரிமை கிடைத்த அதே 1971இல்தான் இங்கே கருக்கலைப்புச் சட்டம் வந்தது. கருத்தடை முறை தவறிய காரணத்தைச் சொல்லும் இடத்தில் அது 'மணமான பெண் அல்லது அவள் கணவன்' என்றது. மருந்துக்கடைக்காரர் கேட்டதும் அதையேதான்! 2021 திருத்தத்தில் கணவன் என்பது 'துணைவர்' ஆனது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாத பெண்ணைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது. 18 வயதுக்குட்பட்ட பெண் வந்தால் மருத்துவர் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இது அன்றைக்கே இருந்து, எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த ராத்திரி கொஞ்சம் தூங்கியிருப்போம். கேட்கிறவர்களில் யாராவது அப்படி விழித்துக்கொண்டிருந்தால், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்கள். கடைக்காரர் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் சந்திப்போம்.