மேல்மரபணு நினைவு

கல்லீரல் உயிரணு பிரிந்தால் கல்லீரல் உயிரணுக்களே பிறக்கின்றன. தோலணுவோ நரம்பணுவோ பிறப்பதில்லை. இத்தனைக்கும் இம்மூன்றிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. தொடர்தான். எந்த மரபணு இயங்கலாம், எது அடங்கியிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு, தொடர் மாறாமலேயே தாயணுவிலிருந்து சேயணுக்களுக்குக் கடத்தப்படுவதை மேல்மரபணு நினைவு என்பர்.

இதில் நன்றாகத் துலங்கியிருப்பது டி.என்.ஏ. மெத்திலேற்றம். பாலூட்டிகளில், சைட்டோசினை அடுத்துக் குவானின் வரும் இடங்களில் சைட்டோசின்மீது மெத்தில் தொகுதி ஏறுகிறது. அதே இணை எதிர் இழையிலும் திருப்பிப்போட்டாற்போல இருப்பதால் குறி இரு இழைகளிலும் அமைகிறது. டி.என்.ஏ. நகலானதும் பழைய இழையில் மட்டும் குறி எஞ்சும். இந்த அரைகுறை நிலையை யு.எச்.ஆர்.எஃப்.1 என்ற புரதம் கண்டு பற்றிக்கொள்கிறது. அது வரவழைக்கும் டி.என்.எம்.டி.1 நொதி புதிய இழையிலும் குறியை இட்டு நிரப்புகிறது. இத்தகைய பராமரிப்பு நொதி இருந்தாக வேண்டும் என்று ராபின் ஹாலிடேயும் ஜான் பியூவும் ஒருபுறம், ஆர்தர் ரிக்ஸ் மறுபுறம், 1975இலேயே கணித்தனர். நொதி கையில் கிடைக்குமுன் தர்க்கத்தால் மட்டுமே எட்டிய இக்கணிப்பு, உயிரியலின் மிக அழகிய ஊகங்களுள் ஒன்று.

டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் குறிகள் உண்டு. நகலாக்கத்தின்போது பழைய ஹிஸ்டோன்கள் இரு நகல்களுக்கும் பங்காகின்றன. அவற்றின் குறியைப் படித்து, பக்கத்திலுள்ள புதிய ஹிஸ்டோன்களிலும் அதையே எழுதுகிறது பி.ஆர்.சி.2 என்னும் புரதத் தொகுதி.

கண்ணால் காணத்தக்க சான்று மூவண்ணப் பூனை. பெண் பாலூட்டியின் உயிரணு ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருப்பருவத்திலேயே அடங்கிவிடுகிறது என்று மேரி லயன் 1961இல் முன்மொழிந்தார். எது அடங்கும் என்பது தற்செயல். ஆனால் அடங்கியது அந்த உயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்திலும் அடங்கியே இருக்கும். மூவண்ணப் பூனையில் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு வடிவம் இரு எக்ஸ்களில் ஒன்றில் மட்டும் இருப்பதால் பூனையின் உடலில் செம்மஞ்சளும் கறுப்புமாகத் திட்டுகள் விழுகின்றன. 2001 டிசம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மூவண்ணப் பூனையொன்றின் உயிரணுவிலிருந்து பிறந்த நகல்பூனை சிசியிடம் செம்மஞ்சள் திட்டு ஒன்றுகூட இல்லை. மூல உயிரணுவில் அடங்கியிருந்த, செம்மஞ்சளுக்கான எக்ஸ், பூனை நகலாக்கப்பட்ட பிறகும் விழிக்கவில்லை என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

இந்த நினைவைக் கலைக்கவும் முடியும். அசாசைட்டிடின் என்ற சேர்மம் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து டி.என்.எம்.டி.1 நொதியைச் சிக்கவைக்கிறது. குறிகள் பிரிவுதோறும் மங்குகின்றன. இதைப் பெற்ற எலிக்கரு உயிரணுக்கள் தசையணுக்களாக மாறுவதற்கும் மெத்தில் குறி குறைவதற்கும் உள்ள தொடர்பை பீட்டர் ஜோன்சும் ஷெர்லி டெய்லரும் 1980இல் காட்டினர். எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் சரிவர முதிராத மைலோடிஸ்பிளாசியா நோய்க்கு மருந்தாக இதே அசாசைட்டிடினுக்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.