ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு பகல்

ஓவியக் கல்லூரியில் சேரப்போவதாக என் பேத்தி சொன்னாள். "அது சோறு போடுமா?" என்று கேட்டுவிட்டேன். அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? மறுவாரம் என் மனைவி என்னைத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இந்தக் கடற்கரையை 'கொரமாந்தெல்' என்றே மனப்பாடம் செய்தோம். சோழமண்டலம் என்பதன் திரிபுதான் அது என்பார்கள்.

மரநிழலில் கல்லிலும் உலோகத்திலும் சிற்பங்கள். "கோயில் இல்லாத சிலைங்க" என்றாள் மனைவி.

சென்னை அரசு கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கும் என் கேள்வியே கவலையாக இருந்தது. ஓவியம் விற்காவிட்டால் மாணவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? அவரும் மாணவர்களும் துணியில் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கி, 1966இல் இந்தக் கிராமத்தை அமைத்தார்கள். கைத்தொழில் வயிற்றைக் கவனித்தது. கலை தன் வழியில் போயிற்று. பணிக்கர் 1977இல் மறைந்தார். அவர் மகன் நந்தகோபால் பெயர்பெற்ற உலோகச் சிற்பியானார். 2009இல் இங்கே ஓர் அருங்காட்சியகமும் வந்தது.

திரும்பும்போது மனைவி கேட்டாள்: "இப்ப அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"சேரட்டும். கூடவே ஒரு கைத்தொழிலும் கத்துக்கட்டும்" என்றேன்.