மாடித் தோட்டமும் தானே பாயும் நீரும்

ஹிஜ்ரி 439-ஆம் ஆண்டு (கி.பி. 1047) ஸஃபர் மாதத்தில் பாரசீகக் கவிஞரும் பயணியுமாகிய நாஸிர் குஸ்ரோ கெய்ரோ நகரை அடைந்தார். ஃபாத்திமிய்யாக்களின் தலைநகரையும் அதனை அடுத்திருந்த பழைய ஃபுஸ்தாத்தையும் பற்றித் தமது 'ஸஃபர் நாமா'வில் அவர் எழுதியுள்ளவற்றுள் ஒரு சிறு செய்தி நம் கவனத்துக்கு உரியது. ஏழு அடுக்கு வீடொன்றின் மொட்டை மாடியில் ஒருவர் தோட்டம் அமைத்திருந்தார். கன்றாக இருந்தபோதே ஒரு காளையை மாடிக்கு ஏற்றி, அங்கேயே வளர்த்துப் பெரிதாக்கினார். அக்காளை நீர்ச்சக்கரத்தைச் சுற்ற, கிணற்று நீர் மாடிவரை ஏறிற்று. நாரத்தையும் வாழையும் காய்த்தன. பூஞ்செடிகளும் நறுமணச் செடிகளும் செழித்தன. இதனைத் தாம் நேரில் கண்டதாக நாஸிர் குஸ்ரோ எழுதவில்லை; நம்பத் தகுந்த ஒருவரிடம் கேட்டதாகவே குறிப்பிடுகின்றார். கண்டதையும் கேட்டதையும் பிரித்துச் சொல்லும் இந்த நேர்மை அந்நூலின் மதிப்பை உயர்த்துகின்றது.

சென்னை அசோக் நகரில் நாம் குடியிருக்கும் தெருவில் இன்று பாதி வீடுகளின் மாடியில் ஏதேனும் ஒரு செடி இருக்கின்றது. கறிவேப்பிலை, துளசி, மருதாணி, பிளாஸ்டிக் பீப்பாயில் ஓர் எலுமிச்சை. காளையை மாடிக்கு ஏற்ற வேண்டிய தேவை இல்லை, மின்மோட்டார் உண்டு. ஆனால் நீர் வேண்டுமே! 2003-இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது இப்பகுதி வீடுகளிலும் குழாய்கள் இறங்கின; குழிகள் தோண்டப்பட்டன. எனினும் 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு, செடிக்கு நீர் ஊற்றுவது அழகுணர்ச்சி பற்றிய விஷயமாக இல்லை. எவ்வளவு ஊற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதே கேள்வியாயிற்று.

இக்கேள்வி எம்மிடம் வந்த விதம் சற்று வேடிக்கையானது. பொறியியல் பயிலும் உறவினர் மகன் ஒருவர், நாங்கள் ரமழான் விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் நாட்களில் மாடிச் செடிகளுக்குத் தானாகவே நீர் பாய்வதற்கென ஒரு சாதனம் செய்து தந்தார். மண்ணில் செருகிய இரண்டு உலோகக் கம்பிகள் ஈரத்தை அறியும். மண் ஈரமாக இருந்தால் மின்சாரம் எளிதாகக் கடக்கும், உலர்ந்தால் தடைப்படும். தடை கூடியதும் சிறு மோட்டார் ஓடும். ஈரம் வந்ததும் நின்றுவிடும். ஏட்டில் எக்குறையும் இல்லை. பத்து நாட்கள் கழித்துத் திரும்பினோம். மாடி குளமாகக் கிடந்தது. மேல்நிலைத் தொட்டி காலி. கம்பிகள் துருப்பிடித்து மின்சாரம் கடப்பது நின்றிருக்கின்றது. மண் நனைந்து சேறான பின்னும் அச்சாதனத்தின் கணக்கில் அது வறண்ட மண்ணாகவே இருந்திருக்கின்றது. அது தன் கடமையில் தவறவில்லை; தவறான சாட்சியை நம்பியது, அவ்வளவே. பக்கத்து வீட்டார் கீழே வழிந்த நீரைப் பார்த்து மின்விசையைத் துண்டித்திராவிட்டால் நிலத்தடித் தொட்டியும் காலியாகியிருக்கும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே நாம் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலைக் கவனத்துடன் மீண்டும் புரட்டினோம். 'ஹீலா' என்றதும் மத்ரஸா மாணவர்களுக்கு ஃபிக்ஹு நூல்களில் வரும் சட்ட உபாயங்களே நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி இமாம்களுக்கிடையே நிகழ்ந்த சர்ச்சைகளும் வரும். ஆனால் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பக்தாதில் அதே சொல் எந்திர நுட்பத்துக்கும் பெயராக இருந்தது. மூஸா இப்னு ஷாக்கிரின் புதல்வர்களான முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவரும் கி.பி. 850 அளவில் இயற்றிய அந்நூலில் ஏறத்தாழ நூறு சாதனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. டொனால்ட் ஹில் 1979-இல் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார்; 1981-இல் அலெப்போவில் அஹ்மது யூஸுஃப் அல்-ஹஸன் அரபு மூலத்தைப் பதிப்பித்தார். இவற்றுள் பெரும்பாலானவை அரசவை விருந்தினரை வியப்பில் ஆழ்த்தும் விளையாட்டுப் பொருட்களே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே குழாயில் மாறிமாறி வேறுவேறு பானம் ஊற்றும் கூஜா, உருவம் மாறி எழும் நீரூற்று ஆகியவை அவ்வகையின. எனினும் அவ்விளையாட்டினுள் ஓர் அரிய கருத்து மீண்டும் மீண்டும் வருகின்றது. தொட்டியில் நீர் எடுக்க எடுக்க மிதவை இறங்கும். இறங்கிய மிதவை வால்வைத் திறக்கும். நீர் பழைய மட்டத்துக்கு ஏறியதும் அதே மிதவை வால்வை அடைக்கும். எந்த மனிதனும் அருகில் நிற்க வேண்டியதில்லை. இன்று நம் மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து செய்வதும் இதே பணிதான்.

இச்சகோதரர்கள் நீரோடு கொண்ட உறவு விளையாட்டோடு முடியவில்லை. தமஸ்கஸ் மருத்துவர் இப்னு அபீ உஸைபிஆ (மறைவு கி.பி. 1270) தமது மருத்துவர் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். கலீஃபா முதவக்கில், ஸாமர்ராவை அடுத்துத் தாம் எழுப்பிய ஜஃபரிய்யா நகருக்கு நீர் கொண்டுவரக் கால்வாய் வெட்டும் பணியை முஹம்மது, அஹ்மது ஆகிய இருவரிடம் ஒப்படைத்தார். அவர்களோ அதனை வானவியல் அறிஞர் அல்-ஃபர்கானியிடம் விட்டனர். நைல் நதியின் நீர்மட்டம் அளக்கும் புதிய 'மிக்யாஸை' அமைத்த பெருமை அவருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் இங்கே கால்வாயின் வாய்ப்பகுதியை மற்றப் பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார்! வாயில் நீர் நிறைந்தாலும் கால்வாய் முழுவதும் ஓடாது. செய்தி கலீஃபாவை எட்டிற்று. பிழை உண்மையென்று தெரிந்தால் இருவரையும் அக்கால்வாயின் கரையிலேயே சிலுவையில் ஏற்றுவதாக அவர் சத்தியம் செய்தார். ஆய்ந்து சொல்ல அழைக்கப்பட்டவர் ஸனத் இப்னு அலீ. மூஸாவின் மக்கள் பொறாமையால் அரசவைக்கு வரவிடாமல் பக்தாதுக்கு ஒதுக்கி வைத்திருந்த அதே அறிஞர்!

உயிர்ப்பிச்சை கேட்டு இருவரும் அவரிடம் வந்தனர். இவ்விடத்தில் இன்னொரு பழங்கணக்கும் வெளிப்படுகின்றது. தத்துவஞானி அல்-கிந்தியைக் கலீஃபாவிடம் கோள் சொல்லி அடிபட வைத்து, அவருடைய நூல்கள் அனைத்தையும் கவர்ந்து, 'கிந்திய்யா' என்று பெயரிட்டுத் தனியே வைத்திருந்தவர்களும் இவர்களே. அந்நூல்கள் அல்-கிந்தியிடம் திரும்பும்வரை தாம் வாய் திறக்கப்போவதில்லை என்றார் ஸனத். நூல்கள் திரும்பின, பெற்றுக்கொண்டதற்கு அல்-கிந்தியின் கைப்பட எழுத்தும் வந்தது. அதன் பின்னர் ஸனத் அவர்களுக்கு ஒரு வழி கூறினார். தஜ்லா நதியில் வெள்ளம் ஏறியிருப்பதால் நான்கு மாதங்களுக்குப் பிழை வெளியே தெரியாது; அதற்குள் கலீஃபா இறந்துவிடுவார் எனச் சோதிடர்கள் சொல்கின்றனர் என்றார். கால்வாயில் குறை ஏதுமில்லை என்று கலீஃபாவிடம் சாட்சியமும் அளித்தார். ஹிஜ்ரி 247 ஷவ்வாலில் (கி.பி. 861 டிசம்பர்) முதவக்கில் கொலையுண்டார். சகோதரர்கள் பிழைத்தனர்.

சோதிடத்தை நாம் ஏற்பதற்கில்லை. அரசியல் அறிந்த எவரும் அந்த ஆண்டில் அரண்மனையின் காற்று எத்திசையில் வீசுகின்றது என்பதை உணர்ந்திருப்பர். பொய்ச் சாட்சியத்தையும் நாம் புகழ முடியாது. எனினும், ஒரு பகைவனின் உயிரை விலையாகக் கேட்கக் கூடிய நிலையில் நின்ற ஒருவர், மற்றோர் அறிஞரின் நூல்களை விலையாகக் கேட்டார் என்பது இஸ்லாமியக் கல்வி வரலாற்றில் எளிதில் கடந்து போகும் செய்தி அன்று. நம் மேடைகளில் 'பனூ மூஸா' என்ற பெயர் ஒலிக்கும்போது இப்பகுதி சொல்லப்படுவதில்லை.

சொல்லப்படாதவை இன்னும் உள. இன்றைய தானியங்கிகள் யாவும் முஸ்லிம்கள் கண்டுபிடித்தவையே, மேற்குலகம் அவற்றைத் திருடிக்கொண்டது என்று முழங்கும் கட்டுரைகளை நம் இதழ்களிலேயே படித்திருக்கின்றோம். பனூ மூஸா அப்படிக் கருதத்தக்க நிலையில் எழுதவில்லை. அலெக்சாந்திரியாவின் ஹீரோன், அவருக்கும் முந்திய ஃபைலோன் ஆகியோரின் மரபிலிருந்தே அவர்கள் தொடங்கினர். ஃபைலோனின் காற்றழுத்த நூல் இன்று நம் கைக்குக் கிட்டுவதற்கு அரபு மொழிபெயர்ப்பே பெருந்துணை என்பது வேறு பெருமை. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மிதவை வால்வு மீண்டும் தோன்றுகின்றது. தானியங்கிக் கட்டுப்பாட்டின் தோற்றத்தை ஆராய்ந்து 1970-இல் நூல் வெளியிட்ட ஓட்டோ மயர், அரபு நூல்களின் மிதவைகளுக்கு உரிய இடம் தந்துள்ளார். ஆனால் அவை பக்தாதிலிருந்து இலண்டனுக்குச் சென்ற பாதையைக் காட்டும் ஆவணம் நம்மிடம் இல்லை. இல்லாத பாதையை நாம் வரைந்து காட்டினால், இருக்கும் பாதைகளையும் உலகம் சந்தேகிக்கும். இருக்கும் பாதைகளோ சிறியன அல்ல. ஸ்பானிய உழவர் கால்வாயை 'அஸேக்கியா' என்கின்றார். அது நம் 'ஸாகியா'. நீர்ச்சக்கரத்தை 'நோரியா' என்கின்றார், அது 'நாஊரா'.

நீரைத் தானாக நிறுத்துவதற்கு மிதவை ஒரு வழியென்றால், காலத்தை அளந்து நிறுத்துவது மற்றொரு வழி. அடியில் நுண்துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்க விட்டால் குறித்த நேரத்தில் அது நிரம்பி மூழ்கும். தமிழர் இதனை 'நாழிகை வட்டில்' என்றனர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஈரானில் கனாத் எனப்படும் நிலத்தடிக் கால்வாய்களின் நீரை உழவர்கள் பங்கிட்டுக் கொண்டதும் இத்தகைய கிண்ணத்தின் கணக்கில்தான். அதன் பாரசீகப் பெயர் 'பிங்கான்'. அரபியில் அது 'பின்காம்' ஆகிக் கடிகாரத்தைக் குறித்தது. 'ஃபின்ஜான்' ஆகிக் காப்பிக் கோப்பையைக் குறித்தது. தமிழில் 'பீங்கான்' ஆயிற்று. நம் வீடுகளில் விருந்துக்கு எடுத்து வைக்கும் தட்டின் பெயருக்குள் ஒரு நீர்க்கடிகாரம் ஒளிந்திருக்கின்றது! கி.பி. 1206-இல் தியார்பக்ரில் அர்துகிய மன்னருக்காக அல்-ஜஸரீ எழுதி முடித்த நூலில் உள்ள ஐம்பது சாதனங்களுள் புகழ்பெற்ற யானைக் கடிகாரம், யானையின் வயிற்றுக்குள் மூழ்கும் இத்தகைய கிண்ணத்தால்தான் இயங்கிற்று. பணியாள் நின்று கையில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பாமையால், ஒளூச் செய்ய நீர் வார்க்கும் சாதனமும் அவர் செய்தார். அதில் நீர் வந்து நிற்கும், வழிந்து கொண்டிராது.

ஒளூவைத் தொட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்பர் ஹதீஸ் கலை அறிஞர்கள். ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் ஒளூவும், ஒரு 'ஸாவு' முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் முடித்தார்கள் என்னும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உறுதியாக உள்ளது. ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நம் மாடியில் ஒரே வாரத்தில் எத்தனை முத்துகள் சாக்கடைக்குப் போயின என்று கணக்கிட மனம் துணியவில்லை. விளைச்சலின் ஜகாத்திலும் நீருக்குத் தனி மதிப்பு உண்டு. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. நீர் இறைப்பவனின் உழைப்பை ஷரீஅத் பாதிக் கடனாகக் கழித்துக் கொடுத்திருக்கின்றது.

மிதவையும் கிண்ணமும் வேண்டாத மூன்றாவது வழி ஒன்றுண்டு. கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் ஸெவில் நகர அறிஞர் இப்னுல் அவ்வாம், தமது 'கிதாபுல் ஃபிலாஹா'வில் மரத்தின் வேரருகே நீர் நிறைத்த மட்பாண்டங்களைப் புதைத்துச் சிறிது சிறிதாக நீர் கசியச் செய்யும் முறையைக் கூறியுள்ளார். அந்நூலை 1802-இல் மத்ரிதில் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு பான்கேரி என்னும் பாதிரியார் இரு தொகுதிகளாக அச்சிட்டார். இம்முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று, கி.மு. முதலாம் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலிலும் இது காணப்படுகின்றது. தமிழக உழவர்களும் கன்று வளர்க்கப் பானை புதைப்பதுண்டு. மெருகிடாத மட்பானையின் சுவர் வழியே நீரை வெளியே இழுப்பது சுற்றியுள்ள உலர்ந்த மண்தான். மண் நனைந்ததும் இழுப்புக் குறைகின்றது, கசிவும் குறைகின்றது. துருப்பிடிக்கக் கம்பி இல்லை. பொய் சொல்லச் சாட்சி இல்லை. அகன்ற பீப்பாய்க்கும் தரைக்கும் இது ஏற்றது. சிறு தொட்டிகளில் பானையே இடத்தை அடைத்துக்கொள்ளும். உப்பு நீர் ஊற்றினால் சுவரின் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். அசோக் நகரின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால் நாம் மழைநீரையே பானைக்கு ஒதுக்கினோம்.

கொசப்பேட்டையிலிருந்து வாங்கி வந்த இரு பானைகள் இப்போது எலுமிச்சைப் பீப்பாயில் கழுத்தளவு புதைந்துள்ளன. வாய்க்கு மூடியும் உண்டு, கொசு முட்டையிடாதிருக்க. மற்றச் சிறு தொட்டிகளுக்கு மோட்டார் இன்னும் இருக்கின்றது. உறவினர் மகன் கம்பிகளை மாற்றியதோடு, மேல்நிலைத் தொட்டியோடு இருந்த இணைப்பையும் துண்டித்துவிட்டார். மோட்டார் இனி ஒரு சிறு வாளியிலிருந்து மட்டுமே நீர் எடுக்கும். அதில் 20 லிட்டருக்கு மேல் கொள்ளாது. வாளி வற்றினால் உள்ளே கிடக்கும் மிதவை இறங்கி மோட்டாரை நிறுத்திவிடும்.