சான்றிதழ் இல்லாதவரின் ஊதியம்: 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு

காலனிய இந்தியாவின் வழக்குரைஞர் தொழில் பற்றிய வரலாறுகள் பெரும்பாலும் உயர் நீதிமன்றங்களின் புகழ்பெற்ற பாரிஸ்டர்களையும் வக்கீல்களையும் பற்றியே பேசுகின்றன. கீழ்நிலை நீதிமன்றங்களிலும் வருவாய் அலுவலகங்களிலும் சான்றிதழின்றி வழக்கு நடத்திய முக்தியார்கள் அவற்றில் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. இவர்களைச் சட்டம் எவ்வாறு நடத்தியது என்பதை அறிய 1879ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் சட்டத்தில் உள்ள 32ஆம் பிரிவு உதவும்.

முதலில் பின்னணி. வங்காளத்தில் 1793ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி, சதர் திவானி அதாலத் வழங்கும் சன்னது பெற்றோரை மட்டுமே வக்கீல்களாக ஏற்றது. அவர்களது கட்டணத்தையும் வரையறுத்தது. 1846ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், இனமும் சமயமும் பாராது, தகுதிச் சான்று பெற்ற அனைவருக்கும் அத்தொழிலைத் திறந்துவிட்டது. கட்டணத்தைத் தனிப்பட்ட உடன்படிக்கையால் முடிவு செய்துகொள்ளவும் இடமளித்தது. முக்தியார்கள் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே உரிம ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்டனர். அதுவரை அவர்கள் கட்சிக்காரரின் முகவர்கள் மட்டுமே.

1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அரச சாசனத்தால் நிறுவப்படாத நீதிமன்றங்களில் சான்றிதழும் பதிவும் இன்றி எவரும் வக்கீலாகவோ முக்தியாராகவோ தொழில் புரியலாகாது என்றது. மீறுவோருக்கு 32ஆம் பிரிவு இரண்டு தண்டனைகளை வைத்தது. ஒன்று, சான்றிதழுக்குரிய முத்திரைக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரையிலான அபராதம். கட்டத் தவறினால் ஆறு மாதம் வரை உரிமையியல் சிறை. மற்றொன்று, மீறல் நீடித்த காலத்தில் செய்த பணிக்கான கட்டணத்தைக் கோரி வழக்குத் தொடுக்கும் தகுதியை இழத்தல். கட்டணம் வரும்வரை ஆவணங்களைப் பிடித்துவைக்கும் உரிமையும் அதனோடு போயிற்று. கட்சிக்காரருக்காகத் தம் கையிலிருந்து செலவிட்ட தொகையைக்கூட அவர் கேட்க முடியாது.

அபராதம் முத்திரைத் தாளின் விலையோடு பிணைக்கப்பட்டிருந்ததைக் கவனிக்க வேண்டும். சான்றிதழை ஆண்டுதோறும் முத்திரைக் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தேர்வில் தேறி, பல்லாண்டு தொழில் செய்த ஒருவர் புதுப்பிக்கத் தவறினாலும் 10ஆம் பிரிவின் சொற்கள் அவரையும் பற்றும். ஆக, பொதுமக்களைத் தகுதியற்றோரிடமிருந்து காப்பது இப்பிரிவின் பாதி நோக்கம். மறுபாதி கருவூலத்தின் வருவாய் என்றே நான் கருதுகிறேன்.

இப்பிரிவின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கட்டணம் கேட்டு வழக்குத் தொடுப்பதை அது தடுத்தது. முன்பே கைக்கு வந்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லவில்லை. ரொக்கமாக முன்பணம் வாங்கியவரை இத்தடை தீண்டாது. வழக்கு முடிந்தபின் தரட்டும் என்று ஏழைக் குடியானவரை நம்பிக் காத்திருந்தவரே இழப்புக்கு ஆளானார். கட்சிக்காரரைக் காக்கப் பிறந்த விதி, முன்பணம் பிடுங்கும் பழக்கத்துக்கே சாதகமாயிற்று.

மேல்தட்டிலும் ஒரு விந்தை உண்டு. பாரிஸ்டர் பெறுவது கூலியாகாது, மதிப்பூதியம் என்ற ஆங்கில மரபின்படி அவரும் கட்டணத்துக்காக வழக்காட முடியாது. 1863இல் கென்னடி எதிர் பிரௌன் வழக்கில் இங்கிலாந்தில் இது உறுதிசெய்யப்பட்டது. இந்த மரபு இந்தியாவுக்கும் வந்தது. படிநிலையின் உச்சியில் இருந்தவருக்குக் கௌரவம் தடை. அடியில் இருந்தவருக்குச் சட்டம் தடை. இடையில் இருந்த சான்றிதழ் பெற்ற வக்கீல் மட்டும் வழக்காடலாம். அவரும் 28ஆம் பிரிவின்படி கட்டண உடன்படிக்கையை எழுத்தில் பெற்று, கட்சிக்காரரின் கையொப்பத்துடன் 15 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்திருக்க வேண்டும்! இந்தப் பாகுபாட்டை முடித்தது 1926ஆம் ஆண்டின் சட்டத்தொழிலர் கட்டணச் சட்டம். அது கட்டணம் கோரி வழக்கிடும் உரிமையைத் தந்ததோடு, கவனக்குறைவால் விளையும் இழப்புக்கு வழக்குரைஞரையும் பொறுப்பாக்கியது.

இப்பிரிவைப் பெண்களின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் இன்னொரு முரண் வெளிப்படும். 1916இல் ரெஜினா குஹா வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், சட்டத்தொழிலர் சட்டம் ஆண்களையே கருதி இயற்றப்பட்டது என்று கூறிப் பெண்ணைப் பதிய மறுத்தனர். 1921இல் சுதாங்சுபாலா ஹஸ்ராவுக்குப் பட்னாவிலும் அதே விடை கிடைத்தது. பதிவுக்குரிய 'தகுந்த நபர்கள்' என்ற சொல்லுக்குள் பெண் அடங்கவில்லை. 32ஆம் பிரிவும் 'எந்த நபரும்' என்றே தொடங்குகிறது. சான்றிதழின்றி ஒரு பெண் வழக்கு நடத்தியிருந்தால் அபராதம் விதிக்கும் பொருட்டு அவர் நபராகியிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. கொர்னீலியா சொராப்ஜி 1892இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதித் தேறியவர். 1899இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் தேறினார். பதிவு 1921இல்தான் கிடைத்தது. தேர்வில் தேறியும் சட்டத்தின் பார்வையில் அவர் இருபதாண்டுகளுக்கு மேல் தகுதியற்றவராக இருந்தார். 1923ஆம் ஆண்டின் பெண் சட்டத்தொழிலர் சட்டமே இத்தடையை நாடெங்கும் அகற்றியது.

1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டம் 45ஆம் பிரிவில் உரிமையின்றித் தொழில் புரிவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை வைத்தது. கட்டணம் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. இன்று அத்தகைய கோரிக்கையை மறுக்க வேண்டுமாயின் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவை நாட வேண்டும். சட்டத்தின் நோக்கத்தைக் குலைக்கும் உடன்படிக்கை செல்லாது என்பது அதன் சாரம். அவ்வாறு செல்லாத உடன்படிக்கையின்கீழ் ஏற்கெனவே கொடுத்த பணத்தைக் கட்சிக்காரர் மீட்கலாமா என்ற பழைய கேள்வி, அதே சட்டத்தின் 65ஆம் பிரிவின் வழியாக மீண்டும் எழுகிறது. 1879ஆம் ஆண்டுச் சட்டத்தில் எஞ்சியிருந்த பகுதிகளை, குறிப்பாக இடைத்தரகர்கள் பற்றிய 36ஆம் பிரிவை, 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கி, அதற்கு ஈடாக வழக்குரைஞர்கள் சட்டத்தில் 45அ என்ற பிரிவைச் சேர்த்தது.