எபிகிராமும் அதன் அண்டை வடிவங்களும்: போப்பின் குறள் ஒப்பீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

உதகமண்டலத்தில் தாம் நிறுவிய பள்ளியை 1860-களில் நடத்திவந்த ஜி.யு. போப், 1886-இல் திருக்குறள் முழுமைக்குமான ஆங்கிலச் செய்யுள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அதன் முன்னுரையில் குறள்வெண்பாவின் செறிவுக்கு இணையாகக் கிரேக்க எபிகிராம்களையும் உரோமானியக் கவிஞர் மார்ஷியலையும் சுட்டினார். ஐரோப்பிய வாசகர்க்குக் குறளின் வடிவழகை உணர்த்த இவ்வொப்பீடு உதவியது. ஆயினும், குறளை எபிகிராம் என்றே கொள்ள இயலுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அவ்வினாவின் வழியாக எபிகிராமை அதன் அண்டை வடிவங்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் வரலாறும்

எபிகிராம் என்னும் கிரேக்கச் சொல்லின் நேர்பொருள் ‘மேல் எழுதப்பட்டது’ என்பதாகும். கல்லறையிலும் காணிக்கைப் பொருளிலும் பொறிக்கப்பட்ட வரிகளே தொடக்கத்தில் அப்பெயர் பெற்றன. கல்வெட்டியலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தது. 1966-இல் மைசூருக்கு மாற்றப்படும்வரை உதகமண்டலத்தில் இயங்கிய நடுவண் அரசின் கல்வெட்டு அலுவலகத்தின் பெயரிலும் அவ்வேர் இருந்தது.

கல்லில் இடம் குறைவு. எனவே சொல் சுருங்கியது. கல் ஒருவருக்காக நடப்பட்டது. எனவே பாட்டு ஒரு நிகழ்வைச் சார்ந்தது. பின்னர் எபிகிராம் கல்லைவிட்டு ஏட்டுக்கு வந்தபோதும் இவ்விரு இயல்புகளும் நிலைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் மார்ஷியல் இறுதியில் திடீரெனத் திரும்பும் அங்கதக் கூர்மையை இதன் முதன்மை அடையாளமாக்கினார். ஆகவே சுருக்கம், நிகழ்வுச் சார்பு, இறுதித் திருப்பம், ஆசிரியர் குரல் ஆகிய நான்கையும் எபிகிராமின் அளவுகோல்களாகக் கொள்ளலாம். இக்காலத்தில் உரைநடைச் சாதுரிய வாக்கியங்களையும் இப்பெயரால் சுட்டுவது பிற்கால விரிவேயாகும்.

முதுமொழியும் அங்கதமும்

தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுமொழி என எழுநிலத்து யாப்பை வகுக்கிறது. இவற்றுள் முதுமொழிக்கு நுண்மையும் சுருக்கமும் ஒளியும் இயல்புகளாகக் கூறப்படுகின்றன. எனினும், குறித்த பொருளை முடித்தற்குரிய ஏதுவாக வருவதே அதன் பணி. முதுமொழி பொதுவழக்கின் குரலில் பேசுகிறது. எபிகிராமோ ஒருவர் மற்றொருவரை நோக்கிச் சொன்னது. அங்கதம் வசைப்பொருளில் எபிகிராமை நெருங்குகிறது; ஆனால் அதற்குச் சுருக்கம் இன்றியமையாத இலக்கணம் அன்று.

குறளின் நிலை

கயவரைத் தேவர்க்கு ஒப்பிட்டுவிட்டு, இருவரும் தாம் விரும்பியதையே செய்து ஒழுகுபவர் எனக் காரணம் காட்டும் குறளில் புகழ்ச்சி சட்டென இகழ்ச்சியாகிறது. இத்தகைய இடங்களில் போப்பின் ஒப்பீடு மிகப் பொருந்துகிறது. ஆயின் அக்குறள் குறிப்பிட்ட கயவர் எவரையும் சுட்டவில்லை. 1330 குறளிலும் மன்னர் பெயரோ ஊர்ப்பெயரோ இல்லை. நிகழ்வினின்று நீங்கி, அதிகாரத்திற்குப் பத்தாக 133 அதிகாரங்களில் குறள் அமைகிறது. பரிமேலழகர் ஒவ்வொரு குறளையும் அதிகார வைப்பில் வைத்தே பொருள் காண்கிறார். குறளை எபிகிராம் எனக் கொண்டால் இவ்வைப்புமுறை மறைந்து, அறநூல் சாதுரிய மொழிகளின் திரட்டாகச் சுருங்கிவிடும். எனவே குறள் எபிகிராமின் வடிவச் செறிவைப் பகிர்ந்துகொள்ளும் வேறொரு வகையாகும்.

தனிப்பாடலும் தோடர் பாடலும்

நான்கு அளவுகோல்களும் ஒருங்கே பொருந்தும் தமிழ் வகை தனிப்பாடல் ஆகும். நாகையில் காத்தான் சத்திரத்தில் உணவு தாமதமானதைச் சாடும் காளமேகத்தின் வெண்பா இதற்குச் சான்று. இடமும் பெயரும் வெளிப்படையாக நிற்க, தாமதம் அடிதோறும் வளர்ந்து இறுதியடியில் உச்சம் பெறுகிறது. அப்பாடலோடு அதன் கதையும் சேர்ந்தே வழங்குவது நிகழ்வுச் சார்பை உறுதிசெய்கிறது. சிலேடையை இதனோடு மயக்குதல் கூடாது; சிலேடை அணி, தனிப்பாடல் வகை. காளமேகம் சிலேடை பாடியதால் தனிப்பாடல் அனைத்தும் சிலேடையாகிவிடாது.

நிகழ்வுச் சார்பு மட்டும் எபிகிராமை உருவாக்காது என்பதற்குத் தோடர் பாடல்கள் சான்றாகின்றன. உதகையின் காந்தல் மந்து உள்ளிட்ட தோடர் குடியிருப்புகளின் வாய்மொழி மரபை 1930-களில் களஆய்வு செய்த எம்.பி. எமனோ, அப்பாடல்களைத் தொகுத்து 1971-இல் வெளியிட்டார். குறிப்பிட்ட மனிதரையும் நிகழ்வையும் அறியாதார்க்கு அவற்றின் குறிப்புப் பொருள் விளங்காது. இவ்வகையில் அவை எபிகிராமை ஒத்தவை. ஆனால் வழிவழி வந்த தொடர்கள் இணையிணையாக அடுக்கப்பட்டு நீள்வதே அவற்றின் அமைப்பு. எபிகிராம் திரும்பி முடியுமிடத்தில் தோடர் பாடல் மற்றோர் இணையைச் சேர்த்து விரிகிறது.

முடிவுரை

குறளில் செறிவு உண்டு, நிகழ்வு இல்லை. முதுமொழியில் சுருக்கம் உண்டு, தனிக்குரல் இல்லை. தோடர் பாடலில் நிகழ்வு உண்டு, சுருக்கம் இல்லை. இவை அனைத்தும் ஒருங்கே அமைவது தனிப்பாடலில்தான். ஆதலின் எபிகிராமுக்குப் பழமொழி, பொன்மொழி, குறட்பா என்பவற்றை ஒருபொருட் சொற்களாக வழங்குவது பொருந்தாது. போப் கண்டது குறளுக்கும் எபிகிராமுக்கும் இடையிலான வடிவ ஒற்றுமை. அதை வகை ஒற்றுமையாகக் கொள்ளாதிருப்பதே இரு மரபுகளுக்கும் நேர்மை செய்வதாகும்.