ஆர்தர் மன்னனின் வரலாற்றுண்மை: சான்றுகளின் காலமும் தகுதியும்

முன்னுரை

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமானிய ஆட்சி பிரித்தானியாவிலிருந்து நீங்கியது. அதன்பின் அங்குப் பரவிய சாக்சன்களை எதிர்த்துப் பொருத பிரித்தானியர் தலைவனாக ஆர்தர் போற்றப்படுகிறான். அவன் வாழ்ந்தவனா, கதை மாந்தனா என்னும் விவாதம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அதில் காட்டப்பெறும் சான்றுகள் எக்காலத்தவை, எதனை நிறுவும் தகுதியுடையவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்ககால நூல்களின் மௌனம்

6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கில்டாஸ் என்னும் துறவி, பிரித்தானியாவின் அழிவு குறித்து இலத்தீனில் நூல் எழுதினார். அவர் அம்புரோசியஸ் ஆரேலியானஸ் என்னும் தலைவனைப் பெயர் சுட்டிக் கூறுகிறார். பேடன் குன்றுப் போரையும் குறிப்பிடுகிறார். ஆர்தரின் பெயர் அந்நூலில் இல்லை. பீட் 731இல் நிறைவு செய்த திருச்சபை வரலாற்றிலும் இல்லை. எனினும் மௌனம் ஒன்றே இன்மைக்குச் சான்றாகாது. கில்டாஸின் நூல் இடித்துரைக்கும் நோக்கமுடையது. முன்னோருள் மிகச் சிலரையே அது பெயரிட்டுக் கூறுகிறது.

போர்த்தலைவன் மன்னனாதல்

ஆர்தரின் போர்களை விரித்துரைக்கும் முதல் நூல் 829-830ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட 'பிரித்தானியர் வரலாறு' ஆகும். நென்னியஸ் பெயரில் வழங்கும் இந்நூலில் ஆர்தர், மன்னர்களுடன் சேர்ந்து பொருத போர்த்தலைவனாகவே சுட்டப்படுகிறான். அவன் 12 போர்களில் வென்றதாகவும், பேடன் போரில் ஒரே நாளில் 960 பேரைத் தனியொருவனாக வீழ்த்தியதாகவும் அது கூறுகிறது. நிகழ்ச்சிக்கும் பதிவுக்கும் இடையே ஏறத்தாழ 300 ஆண்டுகள் உள்ளன. அந்நூலோடு இணைந்த அதிசயப் பட்டியலில், அளக்குந்தோறும் அளவு மாறும் ஆர்தர் மகனின் கல்லறையும் இடம்பெறுகிறது. எனவே, விரிவான முதற்பதிவிலேயே ஆர்தர் தொன்ம மாந்தனாகவும் விளங்குவதை அறியமுடிகிறது.

மான்மத் ஊரினரான ஜெஃப்ரி 1130களின் பிற்பகுதியில் எழுதிய நூலே அவனைப் பல நாடுகளை வென்ற பேரரசனாக்கியது. நியூபரோவின் வில்லியம் அந்நூற்றாண்டின் இறுதியிலேயே அதனைப் புனைவென மறுத்தார்.

கல்லறையும் அரசியலும்

கிளாஸ்டன்பரி மடாலயம் 1184இல் தீக்கிரையானது. அங்கு 1191ஐ ஒட்டி ஆர்தரின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாகத் துறவியர் அறிவித்தனர். மடாலயத்தை மீளக் கட்டுவதற்குப் புகழும் பொருளும் தேவைப்பட்ட காலம் அது. ஆர்தர் மீண்டு வருவான் என்னும் வேல்ஸ் மக்களின் நம்பிக்கையை மறுக்கவும் அக்கல்லறை பயன்பட்டது. 1277இல் வேல்ஸ்மீது படையெடுத்த முதலாம் எட்வர்டு, மறு ஆண்டே அவ்வெலும்புகளை மறு அடக்கம் செய்வித்தமை கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டு விவாதம்

லெஸ்லி ஆல்காக் (1971), ஜான் மோரிஸ் (1973) ஆகியோர் ஆர்தரை வரலாற்று மாந்தனாக ஏற்றனர். ஆல்காக் 1966-70இல் அகழ்ந்த தென் கேட்பரிக் குன்றில், உரோமானியருக்குப் பிற்பட்ட வலிய அரண் வெளிப்பட்டது. அரண் ஒரு தலைவனின் ஆற்றலைக் காட்டும். அவன் பெயரைக் கூறாது. 1977இல் டேவிட் டம்வில், நெருப்பில்லாமல் புகையாது என்னும் நம்பிக்கை வரலாற்று முறையாகாது எனக் கண்டித்தார். ஆலிவர் பேடல் 1994இல், நாட்டார் வழக்கின் வீரனே பின்னர் வரலாற்றுக்குள் கொண்டுவரப்பட்டான் என வாதிட்டார். 1998இல் டின்டேஜலில் கிடைத்த பலகைக்கல்லில் உள்ள 'ஆர்டோக்னூ' என்னும் பெயரும் ஆர்தர் என்பதன்று.

முடிவுரை

ஆர்தர் வாழ்ந்திருக்கக்கூடும், அதனை நிறுவும் சமகாலச் சான்று இல்லை. ஒரு நூல் பாடும் காலத்தைவிட, அது எழுந்த காலத்திற்கே முதற்கண் சான்றாகும். அவ்வகையில் 9ஆம் நூற்றாண்டு நூல் வேல்ஸ் மக்களின் எதிர்ப்புணர்வையும், ஜெஃப்ரியின் நூல் நார்மானியர் காலப் பேரரசுக் கனவையும், கல்லறை மடாலயத்தின் தேவையையும் புலப்படுத்துகின்றன. இலக்கியத்தை வரலாற்று மூலமாகக் கொள்வோர் 'அவன் இருந்தானா' என்பதோடு, 'அவனை யார், எப்போது, ஏன் வேண்டினர்' என்றும் வினவுதல் இன்றியமையாதது. இவ்விரண்டாம் வினாவிற்கு விடைகூறும் சான்றுகள் நிரம்ப உள்ளன.