மகாதேவன், லட்சுமிநாராயணன்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பயன்முறைக் கணிதம், இயற்பியல், உயிரியல் மூன்றுக்கும் பேராசிரியர், ஆய்வுலகில் எல். மகாதேவன். சென்னை ஐஐடியில் 1986இல் பொறியியல் பட்டமும், ஸ்டான்ஃபோர்டில் 1995இல் முனைவர் பட்டமும் பெற்றார். எம்ஐடி, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றில் பணியாற்றிய பின் 2003இல் ஹார்வர்டுக்கு வந்தார்.

அவருடைய துறைகளில் ஒன்று மென்பருப்பொருள் இயற்பியல். லேசாக அழுத்தினாலே உருமாறும் பொருள்கள் இதில் அடங்கும். ரெம்பாவ் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் இப்படியொரு பொருளை அன்றாடம் கையாண்டவர்கள்தாம். மங்கில் வடியும் பால், நீரில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் மிதக்கும் கலவை. ஃபார்மிக் அமிலம் விட்டால் துகள்கள் ஒட்டி உறைகின்றன. உருளையில் கொடுத்தால் ரப்பர் சீட்டு.

மகாதேவனின் பெயரைப் பரப்பியது சுருக்கம் பற்றிய ஆய்வு. மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரு முனையிலும் இறுகப் பிடித்து இழுத்தால், இழுக்கும் திசையிலேயே வரிவரியாகச் சுருக்கம் விழும். நீளும் தாள் அகலத்தில் ஒடுங்கப் பார்க்கிறது. பிடியில் இருக்கும் முனைகளோ ஒடுங்க முடியாது. அந்த இழுபறியில் நடுப்பகுதி பக்கவாட்டில் நெருக்குண்டு அலையாக எழுகிறது. வரி அகலமாக இருந்தால் உயரமும் கூடி, தாள் மேலும் நீள வேண்டிவரும். குறுகலாக இருந்தால் கூர்மையாக வளைய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவில் தாள் நின்றுகொள்கிறது. அந்த அளவைச் சொல்லும் விதியை, சிலியைச் சேர்ந்த என்ரிக்கே செர்டாவுடன் சேர்ந்து 2003இல் அவர் வெளியிட்டார். இழுவிசை மாறாமல் தாளின் நீளம் 4 மடங்கானால் வரியின் அகலம் 2 மடங்காகும். இழுவிசையைக் கூட்டி வரியைப் பாதியாக்குவதென்றால் லேசில் நடக்காது, 16 மடங்கு தேவை!

இதற்காக இருவருக்கும் 2007இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. சிரித்தவர்கள் 2009இல் அவர் மெக்ஆர்தர் நல்கை பெற்றதையும், 2016இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானதையும் பார்த்தார்கள்.

வீனஸ் பூச்சிப்பொறிச் செடியின் இலை, தேக்கிய மீள்விசையை விடுவித்து, வெளிப்புறம் வளைந்த நிலையிலிருந்து சுமார் 0.1 வினாடியில் உட்புறம் புரண்டு மூடுகிறது என்பதை 2005இல் அவரது குழு விளக்கியது. மூளை மடிப்பு பற்றிய 2016ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சுவையானது. 22 வாரக் கருவின் மூளை வடிவை ஜெல்லில் வார்த்து, மேலே மெல்லிய ஜெல் படலம் பூசி, கரைப்பானில் இட்டார்கள். மேற்படலம் உப்பியது, உட்பகுதி அவ்வளவாக உப்பவில்லை. நிஜ மூளையில் காண்பது போன்ற மேடுபள்ளங்கள் மேற்பரப்பில் தாமாகவே எழுந்தன.